மோட்டாரை நிறுத்தினால் காலி செய்துவிட வேண்டுமா?

கேள்வி: சென்னை வில்லிவாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பெரியவள் பத்தாவது, சின்னவள் மூன்றாவது. வாடகை 7,500 ரூபாய், அட்வான்ஸ் 75,000. அக்ரிமெண்ட் போடவில்லை, வாடகையைக் கையில்தான் கொடுக்கிறோம். சுவரெல்லாம் ஓதம், சின்னவளுக்கு அடிக்கடி வீசிங். சரிசெய்யச் சொன்னதும், “இனி 10,500 கொடுங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்யுங்கள்” என்கிறார் வீட்டுக்காரர். ஒரு வாரமாக எங்களுக்கு மோட்டாரும் போடுவதில்லை. பொதுத்தேர்வு நேரத்தில் எங்கே போவோம்?

பதில்: காலி செய்யாதீர்கள். முதலில் தண்ணீர் விஷயத்தைப் பார்ப்போம்.

வாடகை வீடுகளுக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதன் 20-வது பிரிவின்படி, குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தவே கூடாது. துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். காலிக் குடங்களையும் வறண்ட குழாயையும் இன்றே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

“மாதக் கடைசியில் காலி செய்” என்று வாயால் சொல்வது உத்தரவாகிவிடாது. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கினால்தான் உங்களை வெளியேற்ற முடியும். அதை மீறிப் பூட்டுப் போட்டால், ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்’ (Specific Relief Act) 6-வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்பலாம்.

உங்கள் பலவீனம் அக்ரிமெண்ட் இல்லாததுதான். எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்கும் வழி வீட்டுக்காரருக்கு இருக்கிறது. “நாங்கள் ஒப்பந்தம் போடத் தயார்” என்று பதிவுத் தபாலில் உடனே எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். இனி வாடகையை ஜிபே அல்லது வங்கி மூலம் மட்டும் செலுத்துங்கள். ஓதத்தைக் காட்டி வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால், அவர் தேடும் காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். ஓதத்தையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மகளின் மருத்துவச் சீட்டும் சுவரின் படங்களும் உதவும்.

வாடகை உயர்வு விஷயத்தில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல அதிகமில்லை. பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ நிர்ணயம் இருந்தது. புதிய சட்டம் அதை எடுத்துவிட்டு, இருவரும் ஒத்துக்கொள்வதே வாடகை என்கிறது. ஆட்டோ வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவரும் வீட்டுக்காரரும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவார்கள் என்று சட்டம் இயற்றியவர்கள் நம்பியிருக்கிறார்கள்! ‘சாந்திஸ்டார் பில்டர்ஸ்’ வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம், சரியான வீடு இருந்தால்தான் ஒரு குழந்தை முழுமையாக வளர முடியும் என்றது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அதைக் காட்டி 3,000 ரூபாயைக் குறைக்க முடியாது.

அதனால், தேர்வு முடியும்வரை ஒரு நடுத்தரத் தொகைக்குப் பேசி, அதையே அக்ரிமெண்டாக எழுதிப் பதிவு செய்துகொள்வதுதான் உங்களுக்கு நல்லது என்பேன். பேச்சுவார்த்தையில் அட்வான்ஸ் உங்களுக்குக் கைகொடுக்கும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அவர் வாங்கியிருப்பதோ பத்து மாதம். அதைக் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது, யார் சாட்சி என்று இப்போதே தேடி எடுங்கள்.

எப்போதாவது வீடு மாற வேண்டி வந்தாலும் சின்னவள் படிப்பு நிற்காது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஆண்டின் நடுவிலும் சேர்க்கலாம், டி.சி. தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. பெரியவளைப் பள்ளி மாற்றும் யோசனையே தேர்வு முடியும்வரை வேண்டாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மனுவை உங்கள் பெயரில் போடுங்கள், கணவர் பெயரில் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார், கேஸ் பில், ரேஷன் கார்டு என அந்த முகவரியில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.