படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. பத்து நாட்களாகப் படுக்கையில் வலப்பக்கம் திரும்பினாலே அறை சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். அண்ணாந்து பார்த்தாலும் வருகிறது. மற்ற நேரங்களில் நன்றாகத்தான் இருக்கிறேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டை போட்டும், மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. மூளையில் ஏதாவது கோளாறு இருக்குமோ?

பதில்: நீங்கள் எழுதியதிலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது. திரும்பினால் வருகிறது, அரை நிமிடத்தில் போய்விடுகிறது, இடையில் தொந்தரவு இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காதைத்தான். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேயில் கழுத்துத் தேய்மானம் கொஞ்சமாவது தெரியும். கண்ணில் பட்டதன் மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். கழுத்துவலியோ, கை மரத்துப்போவதோ இல்லையென்றால் அந்தப் பட்டையால் உங்களுக்குப் பயனில்லை.

உட்காதில், சமநிலையை உணரும் பகுதியில், மிக நுண்ணிய கால்சியம் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ, சில படிகங்கள் கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். நீங்கள் திரும்பிப் படுத்த பிறகும் படிகங்கள் நகர்ந்துகொண்டே குழாயின் திரவத்தை இழுப்பதால், தலை இன்னும் சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகிறது. அவை அடியில் தங்கியதும் சுற்றல் நின்றுவிடும்.

மாத்திரை இந்தப் படிகங்களை நகர்த்தாது. குமட்டல் தாங்க முடியாத ஓரிரு நாளைக்குச் சரி, மாதக்கணக்கில் வேண்டாம். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை நெடுநாள் சாப்பிட்ட வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடையில் மந்தமும் வருவதுண்டு. புது நோய் வந்துவிட்டதென்று அதற்கும் ஒரு மாத்திரை சேரும்!

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் 'டிக்ஸ்-ஹால்பைக்' பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்து, கருவிழி தானாகத் துடித்து அசைகிறதா என்று பார்ப்பார். உறுதியானால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. அங்கேயே 'எப்லி' முறையைச் செய்துவிடலாம். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-இல் வெளியிட்டது இது. வலது காது என்றால், தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, படுக்கையின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி படுக்கவைப்பார். சுற்றல் அடங்கியதும் தலை இடப்பக்கம் போகும், அப்புறம் முகம் தரையைப் பார்க்கும்படி உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, கடைசியில் உட்காரவைப்பார். படிகங்கள் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். செய்யும்போது தலை சுற்றத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு தடவையிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது. வீடியோ பார்த்து முதல் தடவையே தனியாக முயல்வதை நான் விரும்பமாட்டேன். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிந்த பிறகு வீட்டில் செய்யக் கற்றுக்கொள்ளலாம்.

சிலருக்குத் திரும்பவும் வரும். அப்படி வந்தால் வைட்டமின் டி அளவைப் பார்ப்பது நல்லது. குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் மறுபடி வருவது குறைகிறது.

மூளையைப் பற்றிக் கேட்டீர்கள். சுற்றல் விடாமல் மணிக்கணக்கில் நீடிப்பது, பேச்சு குழறுவது, பார்வை இரட்டையாவது, கை கால் பலமிழப்பது, நிற்கவே முடியாமல் சாய்வது, திடீரென்று காது கேட்காமல் போவது, இதுவரை இல்லாத கடும் தலைவலி வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நீங்கள் எதையும் குறிப்பிடவில்லை.

சரியாகும் வரை ஏணி ஏறாதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். இரவில் எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். இந்த வயதில் தலைசுற்றலைவிட, அதனால் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து.