டிஃப்யூசரில் இடிக்கும் சைலன்சர்: எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே வசிக்கிறேன். ஆறு மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் என் காரின் பின் பம்பருக்கு டிஃப்யூசரும் (பம்பரின் அடியில் மாட்டும், குழாய்க்கு வெட்டு விட்ட பட்டை), இரட்டைக் குழாய் சைலன்சரும் பொருத்தினேன். செலவு 68,000 ரூபாய். பில் 40,000-க்கு மட்டும். இடப்பக்கக் குழாய் டிஃப்யூசர் வெட்டின் நடுவில் நிற்காமல் விளிம்பில் இடிக்கிறது. சூட்டில் பம்பரும் உருகிவிட்டது. வெட்டி மறுபடி வெல்டிங் செய்ய 12,000 கேட்கிறார்கள். ஒழுங்காகப் பொருத்தித் தரச் சொல்லி வழக்குத் தொடர முடியுமா? அதற்குக் கேரளம் போக வேண்டுமா?

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். காரோடு வந்த பழைய சைலன்சர் எங்கே? கடையில் விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றே போய் வாங்கி வாருங்கள். நோட்டீஸ் போன பிறகு கேட்டால் கிடைக்காது.

வழக்குத் தொடரலாம். ஆனால் 'ஒழுங்காகப் பொருத்தித் தா' என்று கேட்காதீர்கள். சத்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இரட்டைக் குழாய் சைலன்சரை யாரும் அமைதிக்காக வாங்குவதில்லை என்பது எனக்கும் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது அதே சட்டத்தின் 182ஏ(4) பிரிவு. ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவு தனியாக வரும்: 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதத்துக்கு உரிமத் தகுதி இழப்பு. இப்படிப்பட்ட பொருளை அழகாக மாட்டித் தரும்படி எந்த நுகர்வோர் ஆணையமும் உத்தரவிடாது.

ஆகவே கோரிக்கையை மாற்றுங்கள். கொடுத்த பணம் திரும்ப வேண்டும், உருகிய பம்பரின் விலை வேண்டும், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு வேண்டும். 'தெரிந்துதானே மாட்டினீர்கள்' என்று கடைக்காரர் சொல்வார். உண்மையில் அவர் நிலைமை உங்களுடையதைவிட மோசம். வாகனம் பழுதுபார்ப்பவரையும் மோட்டார் வாகனச் சட்டம் 'டீலர்' என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. விதிக்கு மாறாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். இதை நோட்டீஸில் மிரட்டலாக எழுதிவிடாதீர்கள். பணத்துக்காகக் குற்ற வழக்கைக் காட்டி பயமுறுத்தினீர்கள் என்று அவரே உங்கள்மேல் திரும்புவார்.

உங்கள் வழக்கின் உயிர் குழாய்க்கும் டிஃப்யூசர் விளிம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியில்தான் இருக்கிறது. சைலன்சர் ரப்பர் தாங்கிகளில் தொங்கும் பொருள். இன்ஜின் அசைந்தால் ஆடும், சூடேறினால் குழாய் நீளும். அதனால் சுற்றிலும் இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களை முதலில் தளர்வாக விட்டு, முன்னாலிருந்து பின்னாக நேராக்கிக்கொண்டு வந்து, கடைசியில் முறுக்குவதே முறை. கோணல் கிளாம்ப்பிலோ ரப்பரிலோ என்றால் வெட்டாமலே சரியாகிவிடும். அதற்கு 12,000 கேட்பது அநியாயம். குழாயின் அளவே தவறு என்றால், டிஃப்யூசரையும் சைலன்சரையும் சேர்த்து விற்றவர் பொருந்துமா என்று பார்க்காமல் விற்றிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் சேவைக் குறைபாடு. எது என்பதை அந்தக் கடைக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அளவுகோலை அருகில் வைத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் ஓடிச் சூடான பிறகும் படம் எடுங்கள்.

கேரளம் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம். உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வர வேண்டியவர் கடைக்காரர்தான். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை.

பில்லில் வராத 28,000 ரூபாயை எப்படிக் கொடுத்தீர்கள்? கைபேசி வழியாக அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கை போதும். ரொக்கம் என்றால், விலை பேசிய வாட்ஸ்அப் செய்திகளைப் மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் 40,000-க்கு மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். மன உளைச்சலுக்கென்று லட்சக்கணக்கில் எழுதச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள், கேளாதீர்கள்.

ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். படமும் மெக்கானிக்கின் அறிக்கையும் கைக்கு வந்ததும், பழைய சைலன்சரை மாட்டிவிட்டே வண்டியைச் சாலைக்கு எடுங்கள். புகைச் சான்றிதழையும் புதிதாக எடுத்துவிடுங்கள். கழற்றிய குழாயையும் உருகிய பம்பரையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆணையம் நிபுணரை அனுப்பினால் அவர் பார்க்கக் கேட்பது அவற்றைத்தான்.