ஸ்டேஜிங் லாக் புரொடக்ஷனுக்கு ஓடுதா? போர்ட்டல் வேணாம், ஃபோல்டரை பிரிங்க

கேள்வி: சின்ன கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கேன். ஆன்சிபிள்ல (நிறைய சர்வரை ஒரே இடத்துல இருந்து செட்டப் பண்ற டூல்) 60 சர்வர் மெயின்டெயின் பண்றோம், எல்லாமே ஒரே ஹோஸ்ட்ஸ் ஃபைல்லதான் (மெஷின் லிஸ்ட், இதைத்தான் இன்வென்டரின்னு சொல்வாங்க) இருக்கு. வெப், டிபி (டேட்டாபேஸ்), ஸ்டேஜிங் (டெஸ்ட் பண்ற சூழல்), புரொடக்ஷன் (நிஜமா ஓடுற சூழல்)னு நாலு குரூப், ஒவ்வொரு மெஷினும் ரெண்டு குரூப்ல வரும். வெப், டிபி குரூப்போட வேரியபிள் ஃபைல்ல புரொடக்ஷன் லாக் சர்வர் அட்ரஸ் இருக்கு. ஸ்டேஜிங்குக்கு மட்டும் ஸ்டேஜிங் ஃபைல்ல வேற அட்ரஸ் போட்டேன். டிபி மெஷின் எல்லாம் ஒழுங்கா எடுத்துக்குது, வெப் மெஷின் மட்டும் பிடிவாதமா புரொடக்ஷனுக்கே லாக் அனுப்புது. வெண்டர்கிட்ட கேட்டா "ஸ்டாட்டிக் இன்வென்டரி வச்சிருக்கீங்க, அதான் சார் பிரச்சனை, டைனமிக்குக்கு மாறுங்க, எங்க போர்ட்டல் இருக்கு"ன்றார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. அவர் விக்கிறதுக்கும் உங்க பிரச்சனைக்கும் சம்பந்தமே இல்ல.

உங்க மெஷின் ரெண்டு குரூப்ல இருக்கு, ரெண்டுலயும் லாக் சர்வர்னு ஒரே பேர்ல வேரியபிள் இருக்கு, அப்போ எதை எடுக்கிறது? ஒரு குரூப் இன்னொண்ணுக்கு சைல்டா இருந்தா சைல்டு சொல்றதுதான் செல்லும். உங்களுக்கு ரெண்டும் ஒரே லெவல், அப்படி இருந்தா ஆன்சிபிள் குரூப் பேரை ஆங்கில அகர வரிசையில அடுக்கி ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தும், கடைசியா வர்றவன் சொன்னதுதான் நிக்கும். டிபியோட டி, ஸ்டேஜிங்கோட எஸ்ஸுக்கு முன்னாடி வருது, அதனால டிபி மேல ஸ்டேஜிங் ஏறி உக்காந்துடுச்சு. வெப்போட டபிள்யூ எஸ்ஸுக்கு அப்புறம், அதனால ஸ்டேஜிங் மேல வெப் ஏறிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். டிபி மெஷின் சரியா வேலை செஞ்சதே தற்செயல்தான், நாளைக்கே யாராவது டிபிய வேற ஏதோ வி-ல ஆரம்பிக்கிற பேருக்கு மாத்தினா அதுவும் புரொடக்ஷனுக்கு ஓடும். எர்ரர் வராது, வார்னிங்கும் வராது.

இது ஒண்ணும் ரகசியம் இல்ல, ஆன்சிபிள் டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு. ஆனா சர்டிஃபிகேட் கோர்ஸ் நடத்துறவங்க முதல் நாளே பிளேபுக் (மெஷின்ல என்னென்ன செய்யணும்னு எழுதின ஃபைல்) ஓட்டி பச்சை கலர் காட்டிட்டு போயிடறாங்க, இன்வென்டரிய பத்து நிமிஷத்துல முடிச்சிடறாங்க.

முக்கியமான விஷயம் என்னன்னா டைனமிக்குக்கு மாறினாலும் இந்த ரூல் மாறாது. டைனமிக் இன்வென்டரின்னா மெஷின் லிஸ்ட்டை நீங்க டைப் பண்றதுக்கு பதிலா கிளவுட்கிட்ட கேட்டு வாங்கிக்கும், அவ்வளவே. வந்த மெஷினை குரூப்ல போட்டதுக்கு அப்புறம் அதே அகர வரிசை, அதே சண்டை. லட்சக்கணக்குல செலவு பண்ணி அதே பக்-ஐ கலர் கலரா டாஷ்போர்டுல பாக்கலாம். ஏடபிள்யூஎஸ்ல (அமேசானோட கிளவுட்) ஆட்டோ ஸ்கேலிங் வச்சு மெஷின் தினம் வந்து போற இடம்னா டைனமிக் வேணும்தான், ஆனா அதுக்கான பிளகின் இலவசமாவே கிடைக்குது. அப்புறம் இந்த போர்ட்டல்னு விக்கிறாங்களே, நான் பாத்த சிலதுல லோகோவை சுரண்டினா உள்ள ஏடபிள்யூஎக்ஸ்தான் (ஆன்சிபிளை பிரவுசர்ல இருந்து ஓட்டுற சாஃப்ட்வேர்) இருந்துச்சு. ரெட் ஹாட் 2015ல ஆன்சிபிளை வாங்கிட்டு 2017ல ஓப்பன் சோர்ஸா திறந்து விட்ட அதே சாமான், யார் வேணா இறக்கிப் போட்டுக்கலாம். உங்க வெண்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஒரே லெவல்ல இருக்கிற ரெண்டு குரூப்ல ஒரே வேரியபிள் இருந்தா உங்க போர்ட்டல்ல எது ஜெயிக்கும்?" டக்குனு பதில் வரலேன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க.

இன்னொரு ஆள் வருவாரு, டெலிகிராம் குரூப்ல கண்டிப்பா இருப்பாரு, "ஆன்சிபிள் குரூப் பிரையாரிட்டின்னு ஒரு வேரியபிள் இருக்கு ப்ரோ, ஸ்டேஜிங்குக்கு 10 குடுத்தா முடிஞ்சுது"ம்பாரு. இதை கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுல மாட்டினவங்கதான் ஜாஸ்தி. அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கு, டிஃபால்ட் 1, பெரிய நம்பர் குடுத்தா அந்த குரூப் கடைசியா ஏறும். ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க, வேரியபிள்தானேன்னு குரூப் வார்ஸ் (ஒவ்வொரு குரூப்போட வேரியபிள் ஃபைலும் இருக்கிற) ஃபோல்டர்ல ஸ்டேஜிங் ஃபைல்ல கொண்டு போய் போடுவீங்க. அங்க போட்டா வேலை செய்யாது. அந்த ஃபைல்களை எந்த வரிசையில ஏத்தணும்னு முடிவு பண்றதுக்கே அந்த நம்பர்தான் வேணும், அது அந்த ஃபைலுக்குள்ளயே இருந்தா எப்படி? ஹோஸ்ட் பேரெல்லாம் இருக்கிற இன்வென்டரி ஃபைல்லயேதான் எழுதணும். சரி, சரியான இடத்துலயே எழுதிட்டீங்கன்னு வைங்க. அது ஒரே லெவல்ல இருக்கிற குரூப்புக்குள்ள மட்டும்தான் செல்லும். ஆறு மாசம் கழிச்சு புதுசா வந்த பையன் ஃப்ரன்ட் எண்டுனு ஒரு குரூப் போட்டு வெப்பை அதுக்கு சைல்டா மாத்துறான், வெப் ஒரு லெவல் கீழ போயிடுச்சு, சைல்டு ஜெயிக்கும், உங்க 10 கோவிந்தா. திரும்பவும் ஸ்டேஜிங் லாக் புரொடக்ஷனுக்கு. அவன் தப்பே பண்ணல, உங்க நம்பர் இருக்கிறதே அவனுக்கு தெரியாது.

அதனால பிரிச்சிடுங்க. இன்வென்டரீஸ்னு ஒரு ஃபோல்டர், உள்ள ஸ்டேஜிங் ஒண்ணு, புரொடக்ஷன் ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி ஹோஸ்ட்ஸ் ஃபைல், தனித்தனி குரூப் வார்ஸ். ஸ்டேஜிங்ங்கிற குரூப்பே இனி தேவையில்ல, ஃபோல்டரே அதை சொல்லிடுது. லாக் சர்வர் மாதிரி சூழலுக்கு தகுந்து மாறுற அட்ரஸ் எல்லாத்தையும் அந்தந்த ஃபோல்டரோட குரூப் வார்ஸ்ல ஆல் ஃபைல்ல (எல்லா மெஷினுக்கும் பொதுவானது) வைங்க, வெப், டிபி ஃபைல்ல இருந்து கண்டிப்பா எடுத்துடுங்க, விட்டா அதுதான் ஜெயிக்கும்.

இதை பண்றப்ப எல்லாரும் விழுற குழி ஒண்ணு: பழைய குரூப் வார்ஸ் ஃபோல்டர் பிளேபுக் பக்கத்துல இருக்கும், "சேஃப்டிக்கு இருக்கட்டும்"னு காப்பி மட்டும் பண்ணிட்டு பழசை விட்டுடுவாங்க. ஒரே குரூப்புக்கு ரெண்டு இடத்துலயும் ஃபைல் இருந்தா பிளேபுக் பக்கத்துல இருக்கிறதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி, நீங்க புதுசா எழுதினதை அது அமுக்கிடும். காப்பி பண்ணாதீங்க, மூவ் பண்ணுங்க. பழசு வேணும்னா கிட்-ல (ஃபைலோட பழைய வெர்ஷனை சேத்து வைக்கிற டூல்) இருக்கு. ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு டாட் ஐஎன்ஐ-னு எக்ஸ்டென்ஷன் குடுத்துடாதீங்க, ஃபோல்டரா குடுக்கிறப்ப பழைய ஆன்சிபிள் வெர்ஷன்கள் டிஃபால்ட்டா அந்த எக்ஸ்டென்ஷனை படிக்காம தாண்டிடும், வெறும் ஹோஸ்ட்ஸ்னு பேர் போதும். ஓட்டுறப்ப ஸ்டேஜிங் ஃபோல்டரை காட்டுங்க, மேல இருக்கிற இன்வென்டரீஸை காட்டிடாதீங்க, ரெண்டையும் சேத்து கலந்துடும், கதை மறுபடி முதல்ல இருந்து.

பிரிச்சதும் நம்பாதீங்க, பாருங்க. ஆன்சிபிள்-இன்வென்டரி கமாண்டுல ஹோஸ்ட் ஆப்ஷன் குடுத்து ஒரு வெப் மெஷின் பேரை போட்டா, அந்த மெஷினுக்கு இன்வென்டரில இருந்து கடைசியா என்னென்ன வேரியபிள் போகுதுன்னு காட்டிடும். கிராஃப் ஆப்ஷன் குடுத்தா குரூப் மரம் வரும். பிளேபுக்கை ஓட்டுறதுக்கு முன்னாடி லிஸ்ட்-ஹோஸ்ட்ஸ் போட்டு எந்தெந்த மெஷின்ல கை வைக்கப் போகுதுன்னு பாருங்க. மூணும் எந்த மெஷினையும் தொடாது, பயமில்லாம எத்தனை தடவை வேணா ஓட்டலாம்.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன், 60 மெஷின்னு சொன்னதால. ஆடிட் வந்தா எக்செல்ல சர்வர் லிஸ்ட் கேப்பாங்க, யாரோ ஒருத்தர் உக்காந்து டைப் பண்ணுவாரு, அடுத்த வருஷம் அந்த எக்செல்லைப் பாத்து ஹோஸ்ட்ஸ் ஃபைலை யாரோ திருத்துவாங்க. நடுவுல ஒரு மெஷினை எடுத்துட்டு அதோட ஐபி வேற டீமோட மெஷினுக்கு போயிருக்கும். பேர் பழசு, ஐபி அதே, ஆள் வேற. எஸ்எஸ்ஹெச் (ஆன்சிபிள் மெஷினுக்குள்ள போற வழி) ஹோஸ்ட் கீ, அதாவது மெஷினோட அடையாளம், மாறியிருக்குனு கத்தி இதை தடுக்கும், ஆனா பாதி கம்பெனில "தொல்லை"ன்னு அந்த செக்கிங்கையே கான்ஃபிக்ல ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, போதாததுக்கு எல்லா மெஷின்லயும் ஒரே அட்மின் கீ. பிளேபுக் ஜாலியா அடுத்தவன் டேட்டாபேஸ்ல போய் கான்ஃபிக் மாத்திட்டு ஓகேன்னு வரும். எக்செல் கேட்டா இன்வென்டரில இருந்து எடுத்து குடுங்க, எக்செல்ல இருந்து இன்வென்டரிக்கு எதுவும் வரக்கூடாது.

இதெல்லாம் ஒரு நாள் வேலைதான். ஆனா போர்ட்டல் வாங்கணும்னா பிஓ (பர்சேஸ் ஆர்டர்) ரெண்டு நாள்ல அப்ரூவ் ஆகும், ஃபோல்டர் பிரிக்க ஒரு நாள் வேணும்னா "இதுக்கு டிக்கெட் கேட்டகரி என்ன?"ன்னு கேப்பாங்க, அது தெரிஞ்ச கதைதான். லாக் தப்பான இடத்துக்கு போகுதுன்னு இன்சிடென்ட்டாவே போட்டுடுங்க, அது உண்மையும்கூட.

கடைசியா ஆன்சிபிள் கான்ஃபிக் ஃபைல்ல டிஃபால்ட் இன்வென்டரியா ஸ்டேஜிங் ஃபோல்டரை போடுங்க. புரொடக்ஷன் வேணும்னா ஓட்டுறவர் ஒவ்வொரு தடவையும் கையால அந்த பாத்-ஐ டைப் பண்ணட்டும், சோம்பேறித்தனமா அதுக்கு ஷார்ட்கட் போட விடாதீங்க.