உருவத்தில் ஒன்று, இனத்தில் நாலு

கேள்வி: ஆர்க்டிக் கடலில் ‘பிக்கோ’ மிதவைப் பாசிகள் கூடிவருவதாகப் படித்தேன். பிக்கோ என்பது ஓர் இனமா?

பதில்: இல்லை, அளவு மட்டுமே. 0.2 முதல் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிக்கோ, 20 வரை நானோ, 200 வரை மைக்ரோ. நொய்யும் மணலும் ஒரே சல்லடையில் இறங்கும், அதற்காகச் சொந்தமாகிவிடாது. வெப்பக் கடல்களில் இந்த அளவில் அதிகம் இருப்பவை நீலப்பசும் பாக்டீரியாக்களான புரோக்ளோரோகாக்கஸும் சினெக்கோகாக்கஸும். ஆர்க்டிக்கில் அவை அரிது. அங்கே அந்த இடம் மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்னும் பச்சைப்பாசிக்கு: ஒரு பசுங்கணிகம், ஒரு மைட்டோகாண்ட்ரியா, நீந்த ஒற்றைக் கசையிழை, அவ்வளவுதான் உடம்பு.

பனி உருகினால் மேல்நீரில் உப்பு குறைந்து லேசாகிறது. அடிநீரோடு கலக்காததால் பாசிக்கு உரமான நைட்ரேட் மேலே வருவதில்லை. பருமனோடு ஒப்பிட்டால் பரப்பு மிகுந்த சின்னச் செல்லுக்குக் கிடைக்கிற கொஞ்சமே போதும். சீக்கிரம் மூழ்குவதும் இல்லை. ஆர்க்டிக் கடலின் கனடா படுகையில் 2004–2008 அளவீடுகளில் பிக்கோ கூடி, நானோ குறைந்தது.

கேள்வி: மைக்ராஸ்கோப்பில் பார்த்தே இனம் சொல்ல முடியாதா?

பதில்: முடியாது. நெடுங்காலம் மைக்ரோமோனாஸ் எல்லாமே புசில்லா என்ற ஒரே இனம்தான். 2016, 2017-ஆம் ஆண்டுகளில்தான் கொம்மோடா, பிராவோ, போலாரிஸ் பிரிந்தன. கண்ணுக்கு நாலும் ஒன்றே, மரபணுதான் சாட்சி.

கடல்நீரை முதலில் 3 மைக்ரான் வடிதாளில் விட்டு, இறங்கியதை 0.2 மைக்ரான் தாளில் பிடிப்பார்கள். தாளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்து, பிறகு இனத்தை அடையாளம் காட்டும் 18எஸ் என்ற மரபணுவின் வி4 பகுதியைப் படிப்பார்கள். கோளாறு வருவது முதல் தாளில்தான். டயட்டம் என்னும் பெரிய பாசி மிகுந்த நீரில் அது அடைத்துக்கொள்ளும். துளை சுருங்கி, பிக்கோவும் மேலேயே தங்கிவிடும். வேகம் வேண்டுமென்று உறிஞ்சலைக் கூட்டினால் பெரிய செல்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. கீழே ஒழுகும். பிக்கோ பட்டியலில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பெரிய ஒற்றைச்செல் உயிரின் பெயர் தலைகாட்டுவது இப்படித்தான். அதன் ஒரு செல்லில் 18எஸ் பிரதிகள் ஏராளம் என்பதால் கொஞ்சம் ஒழுகினாலும் பட்டியலில் பெரிதாகத் தெரியும். ஆகவே படித்த மரபணு வரிசைகளின் எண்ணிக்கையைச் செல்களின் எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. எண்ணுவதற்கு, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது: 488 நானோமீட்டர் லேசர் பட்டால் பச்சையம் சிவப்பாக ஒளிரும், சினெக்கோகாக்கஸ் ஆரஞ்சும் காட்டும். ஆனால் அது எண்ணிக்கை தரும். இனப் பெயர் தராது.

கேள்வி: நிறமியை வைத்துப் பிரிக்கலாமா?

பதில்: பாசிக் கூட்டம் வரை போகலாம், இனம் வரை அல்ல. பிராசினோசாந்தின் என்ற நிறமி இருந்தால் மைக்ரோமோனாஸாகவும் இருக்கலாம், கசையிழையே இல்லாமல் செதில் போர்த்திய பாத்திகாக்கஸ் என்ற பச்சைப்பாசியாகவும் இருக்கலாம்.