விரலுக்கேற்ற வீக்கம்: கம்ப்ரஸருக்கேற்ற ஸ்ப்ரே கன்

கேள்வி: என்னிடம் 2 எச்.பி. மோட்டாரும் 50 லிட்டர் டேங்கும் உள்ள கம்ப்ரஸர் இருக்கிறது. காரின் பானட்டுக்கும் இரண்டு கதவுகளுக்கும் வீட்டிலேயே பெயின்ட் அடிக்கப் போகிறேன். எச்விஎல்பி கன்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கன் இருக்கட்டும், முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள். எச்விஎல்பி என்பது காற்றை நிறைய விட்டு, அழுத்தத்தைக் குறைத்து அடிக்கும் வகை. கன்னின் முனையில் காற்று வெளிவரும் மூடியான ஏர் கேப்பில் அழுத்தம் 10 பிஎஸ்ஐயைத் தாண்டாது. அதனால் பெயின்ட் தகரத்தில் மோதித் தெறிப்பது குறையும். அடிப்பதில் 65 சதவீதமாவது பாகத்தின்மேல் உட்காரும். பழைய உயர் அழுத்த கன்னில் பாதிக்கு மேல் புகையாகப் பறந்துவிடும். சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை.

ஆனால் முழு அளவு எச்விஎல்பி கன் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்று கேட்கும். உங்கள் கம்ப்ரஸர் லேபிளில் 8 அல்லது 9 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருக்கலாம். அது பெரும்பாலும் பிஸ்டன் உறிஞ்சும் காற்றின் கணக்கு. வெளியே வந்து சேருவது அதில் 60, 70 சதவீதம்தான். ‘ஃப்ரீ ஏர் டெலிவரி’ என்று தனியாக எழுதியிருந்தால் அந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்ரஸர் உண்மையில் 6 சிஎஃப்எம் தருகிறது, கன் 12 கேட்கிறது. நிமிடத்துக்கு 6 கன அடி, அதாவது ஏறக்குறைய 170 லிட்டர் துண்டு விழும். அதை டேங்க்தான் ஈடுகட்ட வேண்டும். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கினால் கிடைப்பது 200 லிட்டர் காற்று. எழுபது வினாடியில் தீர்ந்தது. பானட்டின் பாதியைத் தாண்டுவதற்குள் அழுத்தம் சரியும், துளிகள் பெரிதாகும். முதல் பாதி வழவழப்பாகவும் மறுபாதி ஆரஞ்சுத் தோல் போலவும் வரும். மெட்டாலிக் நிறமாக இருந்தால் இன்னும் மோசம். பெரிய துளிகள் ஈரமாக விழ, அலுமினியத் துகள்கள் உள்ளே அமிழ்ந்துபோய் அந்த இடம் மட்டும் கருமையாகத் தெரியும். பெயின்ட்டைக் குறை சொல்வார்கள், குற்றம் காற்றில்.

உங்களுக்கு ஏற்றது எல்விஎல்பி, அதாவது காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு என்கிற வகை. 4 முதல் 6 சிஎஃப்எம் போதும். பெயின்ட் விசிறிபோல விரியும் அகலம் சற்றுக் குறுகலாக இருக்கும், கை மெதுவாக நகர வேண்டும், அவ்வளவுதான். ஒரு கதவு, ஒரு ஃபெண்டர் என்று பாகம் பாகமாக அடிப்பவருக்கு இது குறையே இல்லை. முழுக் காரையும் ஒரே மூச்சில் அடிக்கும் எண்ணம் இருந்தால் கன்னை மாற்றிப் பயனில்லை, கம்ப்ரஸரை மாற்றுங்கள்.

ஹோஸையும் கவனியுங்கள். உள்துளை 6 மி.மீ. உள்ள பத்து மீட்டர் ஹோஸிலேயே அழுத்தம் கணிசமாக விழுந்துவிடும். எல்விஎல்பிக்கு 8 மி.மீ., எச்விஎல்பிக்கு 10 மி.மீ. வேண்டும். அழுத்தத்தைக் கன்னின் கைப்பிடியில் ஒரு கேஜ் மாட்டி, ட்ரிக்கரை இழுத்துப் பிடித்தபடி படியுங்கள். இழுக்காமல் படித்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கேள்வி: ஒரே கன்னில் பிரைமர், பேஸ் கோட், கிளியர் மூன்றையும் அடிக்க முடியுமா? 1.4 மி.மீ. துளையுள்ள நாசில் எல்லாவற்றுக்கும் ஆகும் என்றார் கடைக்காரர்.

பதில்: முடியும், மூன்றும் சுமாராக வரும். நிறம் தரும் பேஸ் கோட்டுக்கு 1.2 அல்லது 1.3 மி.மீ., அதன்மேல் பளபளப்புக்கு அடிக்கும் கிளியருக்கு 1.3 அல்லது 1.4, பட்டிக்கு மேல் அடிக்கும் கனமான பிரைமருக்கு 1.7 அல்லது 1.8. ஸ்ப்ரே பட்டி அடிப்பதானால் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 1.4-இல் கனமான பிரைமரை ஊற்றினால் வெளியே வராது. வரவேண்டுமென்று தின்னரைக் கூட்டுவீர்கள். அப்படி அடித்த பிரைமர் காயக் காயச் சுருங்கி, எமரி போட்ட கீறல்கள் சில வாரம் கழித்துக் கிளியருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

எங்கள் யோசனை: இரண்டு கன். பிரைமருக்கு மலிவானது ஒன்று, 1.7 அல்லது 1.8 நாசிலோடு. பேஸுக்கும் கிளியருக்கும் 1.3 நாசிலோடு நல்லது ஒன்று. நாசில், அதை அடைத்துத் திறக்கும் நீடில், ஏர் கேப் மூன்றும் ஜோடி சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், செட்டாக மாற்றுங்கள். அந்த செட் தனியாகக் கிடைக்காத கன்னை வாங்கவே வேண்டாம். வாட்டர் பேஸ் பெயின்ட் அடிக்கும் எண்ணம் உண்டென்றால் நாசிலும் நீடிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள்.

கப் மேலே இருக்கிற கன்னையே தேர்ந்தெடுங்கள். பெயின்ட் தானாக இறங்கும், கடைசிச் சொட்டு வரை பயன்படும். கீழே கப் உள்ளதில் உறிஞ்சவே காற்று செலவாகும், அடியில் கொஞ்சம் தங்கியும் போகும்.

கேள்வி: புதுக் கன். ஆனால் ஒரு பக்கம் பெயின்ட் கனமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் விழுகிறது. கன் கோளாறா, என் கைக் கோளாறா?

பதில்: ஒரு தாளே சொல்லிவிடும். மாஸ்கிங் பேப்பரைச் சுவரில் ஒட்டுங்கள். கன்னை 15 முதல் 20 செ.மீ. தள்ளி நேராகப் பிடித்து, கையை அசைக்காமல் ட்ரிக்கரை ஒரு கணம் முழுதாக இழுத்து விடுங்கள். இரு முனையும் மெல்லக் கரைந்து மறைகிற நீள்வட்டம் விழ வேண்டும்.

வாழைப்பழம் போல வளைந்தால் ஏர் கேப்பின் இரு பக்கமும் கொம்பு போல நீட்டியிருப்பவற்றில் ஒன்றின் துளையில் அடைப்பு. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் அடைப்பு கேப்பிலும் இருக்கலாம், நாசில் முனையிலும் இருக்கலாம். பிரித்தறிவது சுலபம்: கேப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். கனமும் பக்கம் மாறினால் கேப்பில் கோளாறு, மாறாவிட்டால் நாசிலில். நடுவில் மட்டும் திரண்டால் பெயின்ட் அதிகம் அல்லது காற்று போதவில்லை. இரு முனையும் தடித்து நடு மெலிந்தால் காற்று அதிகம், அல்லது பெயின்ட் குறைவு. கோளாறு இல்லாத தாளிலும் பாகத்தில் திட்டு விழுந்தால்தான் கையைச் சந்தேகிக்க வேண்டும்: மணிக்கட்டைச் சுழற்றி வளைவாக வீசுகிறீர்கள், முந்திய கோட்டின்மேல் பாதியாவது ஏறவில்லை.

விட்டு விட்டுத் துப்பினால் பெயின்ட் செல்லும் வழியில் காற்று புகுகிறது. நாசில் இறுக்கமா, நீடிலைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங் காய்ந்திருக்கிறதா, கப் மூடியின் சிறு துளை திறந்திருக்கிறதா, இந்த வரிசையில் பாருங்கள். மூடித் துளைதான் பல நேரம் ஆட்டம் காட்டும்.

கேள்வி: சுவருக்கு அடிக்கிற கரண்ட் ஸ்ப்ரே மிஷின் வீட்டில் இருக்கிறது. அதிலேயே காருக்கு அடிக்கலாமா?

பதில்: இரும்பு கேட்டுக்கு அடியுங்கள். காருக்கு வேண்டாம், துளிகள் அவ்வளவு நுணுக்கமாக உடையாது.

கேள்வி: கிளியர் அடித்ததும் குட்டிக் குட்டிக் குழிகள் விழுகின்றன. புதிய கன் வாங்கினால் தீருமா?

பதில்: தீராது. அது மீன்கண். தகரத்தில் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ ஒட்டியிருக்கும், அல்லது கம்ப்ரஸர் எண்ணெய் காற்றோடு வருகிறது. வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் காற்றை ஊதிப் பாருங்கள். கறையோ ஈரமோ தெரிந்தால் குற்றவாளி காற்றுதான். டேங்க் அடியிலுள்ள வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். நீர் பிரிப்பானைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுகிறார்கள். சூடான காற்றில் நீர் ஆவியாகவே இருப்பதால் அது பிரிப்பானைக் கடந்து போய், ஹோஸில் குளிர்ந்து, கன் வழியாகத் துப்பும். ஏழெட்டு மீட்டர் பைப் தள்ளி, காற்று ஆறிய இடத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: கரித்தூள் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் போதுமா?

பதில்: ஹார்ட்னர் (பெயின்ட்டைக் கெட்டியாக்கும் கலவை) கலக்காத பெயின்ட்டுக்கு, கதவு ஜன்னல் திறந்த இடத்தில், போதும். ஹார்ட்னர் கலந்த 2கே கிளியருக்கு அதை நம்பாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு மிகக் கொஞ்சமே மூச்சை அடைக்கும். வாசனை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்றால், வாசனை தெரிவதற்குள் அளவு மீறியிருக்கும். கேட்ரிட்ஜ் தீர்ந்ததையும் மூக்கு சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம், கையுறை, முழு உடை இவை இல்லையென்றால் பேஸ் வரை நீங்கள் அடியுங்கள், கிளியரைப் பட்டறைக்கு விடுங்கள். தின்னர் ஆவி தேங்கும் இடத்தில் சாதாரண டேபிள் ஃபேன் ஓட வேண்டாம். மோட்டாரின் ஒரு பொறி போதும்.

கேள்வி: வேலை முடிந்ததும் கன்னை தின்னரில் ஊறப்போடலாமா?

பதில்: கூடாது. பேக்கிங் உப்பும், கிரீஸ் கரையும், காற்றுத் துவாரங்களில் பெயின்ட் கழிவு புகும். கப்பில் கொஞ்சம் தின்னர் விட்டு அடித்துத் தள்ளுங்கள். பிறகு நீடிலை உருவி, அதன்பின் நாசிலைக் கழற்றி, பிரஷ்ஷால் தேயுங்கள். நீடில் உள்ளே இருக்கும்போதே நாசிலைத் திருகினால் முனை தேயும். ஏர் கேப்பை மட்டும் தனியாக ஊறவைக்கலாம். துளை அடைத்தால் பல்குத்தும் குச்சி. கம்பியோ ஊசியோ தொடவே கூடாது. துளை ஒரு மயிரிழை கோணினாலும் அந்த வாழைப்பழம் திரும்ப வந்துவிடும், அதைத் திருத்தவும் முடியாது. கடைசியில் நீடில் பேக்கிங்கில் சிலிக்கான் இல்லாத எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.