கூட்டிலிருந்து வெளியே வந்த வண்ணத்துப்பூச்சி ஏன் உடனே பறப்பதில்லை?

கூட்டுப்புழுவின் ஓட்டைப் பிளந்துகொண்டு வரும் வண்ணத்துப்பூச்சிக்கு வயிறு உப்பலாகவும், இறக்கைகள் கசங்கிய ஈரத்துணி போலச் சிறுத்தும் இருக்கும். அது ஊனமில்லை. அவ்வளவு பெரிய இறக்கை அந்தச் சின்ன ஓட்டுக்குள் மடங்கித்தான் வளர முடியும்.

வந்ததும் ஓட்டையோ பக்கத்துக் குச்சியையோ பற்றிக்கொண்டு, இறக்கைகள் கீழ்நோக்கித் தொங்கும்படி நிற்கும். பிறகு வயிற்றைச் சுருக்கி உடல் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளும். மடித்து வைத்த காற்றுத் தலையணையை ஊதினால் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரியுமே, அப்படித்தான். பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்களில் முழுதாக விரிந்துவிடும். ஆனால் அது காய்ந்து விறைப்பாக இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில், இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும் உறிஞ்சுகுழலைச் சுருட்டிச் சுருட்டி நீட்டி ஒரே குழலாக இணைத்துக்கொள்ளும். பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி அது!

தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும். அதன்பின் சரிசெய்ய வழியே இல்லை. பெட்டியில் வளர்ப்பவர்கள் வழவழப்பான கண்ணாடிச் சுவருக்குப் பதில் வலைத்துணி வையுங்கள், கால் பிடித்து ஏறும். கூட்டுக்குக் கீழே அதன் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இடமாவது காலியாக இருக்கட்டும். விழுந்துவிட்டால் உடனே ஒரு குச்சியை நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும். இறக்கையைத் தொட வேண்டாம்.

கீழே சொட்டும் சிவப்புத் திரவத்தைப் பலர் ரத்தம் என்று பயப்படுகிறார்கள். அது கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவுதான்.