அத்தி வேருக்குக் காற்று வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டுத் தோட்டப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் தொட்டியில் சீமை அத்தி வளர்ப்பவர்களுடையவைதான் அதிகம். இலை மஞ்சளாகிறது, காய் உதிர்கிறது, மண் நாறுகிறது என்று ஒவ்வொருவர் குறையும் ஒவ்வொரு விதம். ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தொட்டிக்குள் போட்ட கலவைதான். அதனால் அத்தனைக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: சுமார் 40 செண்டிமீட்டர் உயர அத்திக் கன்று வாங்கியிருக்கிறேன். 30 லிட்டர் தொட்டியும் தயார். மண் கலவையை வீட்டிலேயே செய்ய அளவு சொல்லுங்கள். (வாசகி, செங்காங்)

முதலில் தொட்டியைப் பற்றி. இந்தக் கன்றை நேரே 30 லிட்டர் தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத பகுதியில் தங்கும் ஈரத்தை உறிஞ்ச ஒன்றும் இருக்காது. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் அது காயவும் நாளாகும், அதற்குள் வேர் நுனி அழுகத் தொடங்கிவிடும். இப்போதைக்கு 7 அல்லது 8 லிட்டர் தொட்டி போதும். வேர் ஓரம் முழுக்கச் சுற்றி வந்தபிறகு 15 லிட்டர், அதற்கப்புறம் 30.

இனிக் கலவை. 10 லிட்டர் அளந்து போட வேண்டியவை: பைன் மரப்பட்டைத் துண்டு 4 லிட்டர், கழுவிய தேங்காய் நார்த்தூள் (கோகோபீட்) 3 லிட்டர், பெர்லைட் (சுட்டுப் பொரித்த எரிமலைப் பாறையின் லேசான வெள்ளைத் துகள்) 2 லிட்டர், நன்றாக மட்கிய உரம் அல்லது மண்புழு உரம் 1 லிட்டர். எல்லாம் கொள்ளளவுக் கணக்கு, எடை இல்லை. ஒரே டப்பாவால், அமுக்காமல் அளந்து போடுங்கள். கலந்தபிறகு 10 லிட்டர் தேறாது. துண்டுகளின் இடுக்கில் தூள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏறக்குறைய எட்டரை லிட்டர்தான் மிஞ்சும். உங்கள் தொட்டிக்கு அது சரியாக இருக்கும். இதோடு டோலமைட் சுண்ணாம்புத் தூள் 15 கிராம், வேப்பம் புண்ணாக்கு 20 கிராம், மெதுவாகக் கரையும் குருணை உரம் 30 கிராம் சேருங்கள். தோட்ட மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

பட்டை, ஆர்க்கிட் செடிகளுக்கு விற்கிறார்களே, அதுதான். சிறிய ரகமாக, 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை உள்ளதைப் பாருங்கள். கட்டைவிரல் பருமன் துண்டுகள் வேர்களுக்கு நடுவே பொந்து விட்டுவிடும், அந்த இடத்தில் வேர் காய்ந்துபோகும். பழைய அரிதட்டில் சலித்துத் தூளை நீக்கிவிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த பட்டை முதலில் தண்ணீரை ஏற்காது.

கோகோபீட்டைக் கழுவுவதில் சோம்பல் வேண்டாம், பலரும் சறுக்குவது இங்கேதான். 650 கிராம் செங்கல் ஒன்று நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடித்து 8, 9 லிட்டராக உப்பும். அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். துணிப்பையில் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள், இரண்டு மூன்று முறை. வடியும் நீரின் நிறம் வெளுக்க வேண்டும். அதோடு நிற்காமல், 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து அதில் ஓர் இரவு ஊறவைத்து வடித்துவிட்டால் இன்னும் நல்லது. நார்த்தூள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் குணமுடையது. அதன் பசியை முன்கூட்டியே தீர்க்காவிட்டால், நீங்கள் போடும் சத்தை அது எடுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். டோலமைட் சேர்ப்பதில் பாதிக் காரணமும் இதுவே.

பெர்லைட் பையைத் திறந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொள்வதும் நல்லது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுப் பட்டை, நார்த்தூள், உரம் மூன்றையும் முதலில் புரட்டுங்கள், பெர்லைட் கடைசியில். அதை அதிகம் பிசைந்தால் நொறுங்கி மாவாகிவிடும், பிறகு போட்டும் பயனில்லை. கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

குருணை உரம் பற்றி ஒரு சொல். பையில் ஆறு மாதம் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் தொட்டியின் உட்புறம் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். மூன்று நான்கு மாதத்திலேயே தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, அப்போது மேலே மறுபடி தூவுங்கள்.

கேள்வி: தோட்ட மண்ணும் கோழி எருவும் சரிபாதி கலந்து, தண்ணீர் வடிவதற்காக அடியில் சரளைக்கல் பரப்பி அத்தி வைத்தேன். நான்கு மாதமாகத் துளிர் இல்லை, கீழ் இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. தண்ணீர் மேலேயே தேங்குகிறது. தொட்டியைச் சாய்த்தால் அழுகிய முட்டை வாடை. உரம் போதவில்லையா? (வாசகர், ஈசூன்)

உரம் போதாமல் இல்லை, மிஞ்சிப்போய்விட்டது. அந்த வாடைதான் முக்கியமான தடயம். காற்றே இல்லாத ஈர மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் விடும் வாயு அது. அங்கே வேரும் மூச்சுவிட முடியாது. மூச்சுவிடாத வேர் தண்ணீரையும் எடுக்காது, சத்தையும் எடுக்காது. மேலே பார்க்கும்போது செடி பசியில் இருப்பதுபோல் தெரியும். அதைப் பார்த்து இன்னும் எரு போட்டால் உப்பு கூடி, மிச்ச வேரும் கருகும்.

அத்தி, கோடை முழுக்க மழை காணாத மத்தியதரைக் கடல் பகுதியில் நன்கு வளரும் மரம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மத்தியதரைக் கடல் பகுதி நிலத்தில் களிமண் இருந்தாலும் வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓடித் தப்பித்துக்கொள்ளும். தொட்டிக்குள் ஓட இடம் ஏது?

சரளைக்கல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கடிதங்களில் பாதிக்கு மேல் இதைச் செய்திருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்தால் சொட்டி நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி கொஞ்சம் சொட்டும். ஆனாலும் அடி ஓரம் நனைந்தேதான் இருக்கும். மண்ணும் இப்படித்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் நிறைந்த அடுக்கு ஒன்று தங்கும். அந்த உயரம் மண் துகளின் பருமனைப் பொறுத்தது. நைசான மண் என்றால் உயரம் அதிகம், பருமனான கலவை என்றால் குறைவு. கீழே கல் போட்டாலும் நைசான மண்ணிலிருக்கும் நீர் கல்லின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வேருக்கு இருந்த இடமும் போய்விட்டது. கல்லுக்குப் பதில் களிமண் உருண்டையோ உடைந்த ஓடோ போட்டாலும் இதே கதை. துளையிலிருந்து கலவை கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

இப்போது செய்ய வேண்டியது: செடியை வெளியே எடுத்து வாளித் தண்ணீரில் அலசி, பழைய மண்ணை முடிந்தவரை அகற்றுங்கள். கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும் வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். கெட்டியாக, வெளிர் பழுப்பாக இருப்பவற்றைத் தொடாதீர்கள். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறு தொட்டியில், மேலே சொன்ன கலவையில், குருணை உரமும் வேப்பம் புண்ணாக்கும் மட்கு உரமும் சேர்க்காமல் நடுங்கள். குறைந்த மட்கு உரத்தின் இடத்தைப் பெர்லைட்டால் நிரப்பலாம். இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிட்டு, 10 நாள் மழை படாத வெளிச்ச நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வந்தபிறகே உரம். வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் போடும், கையுறை அவசியம்.

கேள்வி: கலவையில் காற்று போதுமா என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

உண்டு, கால் மணி நேர வேலை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, அடியில் ஐந்தாறு துளை போட்டு, அவற்றை டேப்பால் ஒட்டுங்கள். அளவுக் குவளையால் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாட்டிலில் அந்த மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். ஈரமான கலவையைக் குறிவரை நிரப்பி, மேசையில் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டி, குறைந்ததை நிரப்புங்கள். ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், மேற்பரப்பில் பளபளப்பாக நீர் தெரியும்வரை. சில நிமிடம் பொறுத்து, குறைந்தால் மறுபடி விடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்துக்கு மேல் பிடித்து டேப்பை உரித்து, சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, வடிந்த நீரை அளந்து பாருங்கள். அந்த நீர் இருந்த இடத்தில்தான் இப்போது காற்று இருக்கிறது.

200 மில்லிலிட்டரும் அதற்கு மேலும் வந்தால் அத்திக்கு ஏற்ற கலவை. 100க்குக் கீழே வந்தால் அந்தக் கலவையில் அத்தியை வைக்கவே வைக்காதீர்கள். இடைப்பட்ட அளவு என்றால் மழை படாத பால்கனிக்குப் பரவாயில்லை, திறந்த வெளிக்கு ஆகாது. ஒரு பங்கு பட்டை கூட்டி மறுபடி சோதியுங்கள். உயரமான தொட்டியில் நிலைமை பாட்டிலைவிடச் சற்று மேலாகவே இருக்கும்.

கேள்வி: காப்பிக் கடையில் கிடைக்கும் காப்பித்தூள் சக்கை, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைக் கலவையில் சேர்க்கலாமா? (வாசகி, தெம்பனிஸ்)

நேரடியாக வேண்டாம். காப்பிச் சக்கை மிக நைசு, துளைகளை அடைத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழத்தோல் தொட்டிக்குள் அழுகும்போது வேருக்குரிய காற்றை அதுவே தின்றுவிடும், கொசுறாகச் சிறு ஈக்களும் வரும். மூன்றையும் தனி வாளியில் காய்ந்த இலையோடு மட்கவைத்து, மண் வாசனை வந்தபிறகு 10 லிட்டருக்கு 1 லிட்டர் என்ற கணக்கில் சேருங்கள். முட்டை ஓடு கரைவது மிக மெதுவாக. டோலமைட்டுக்கு அது ஈடாகாது.

கேள்வி: பெர்லைட் விலை கட்டுப்படியாகவில்லை. அடுப்புக்கரி, சுட்ட மண், நெல் உமி, இவற்றில் எது மாற்று? (வாசகர், உட்லண்ட்ஸ்)

மரக்கரி நல்ல மாற்று. ஒரு செண்டிமீட்டர் துண்டுகளாக உடைத்து, தூளைக் கழுவிவிட்டுப் போடுங்கள். ஆனால் அழுத்தி அச்சில் வார்த்த கரிக்கட்டி கூடாது, அதில் ஒட்டுப்பொருள் உண்டு. சுட்ட மண்ணில் தரம் பலவிதம். சில துண்டுகளை ஒரு நாள் தண்ணீரில் போட்டு, விரலால் நசுக்கிப் பாருங்கள். குழைந்தால் தொட்டியிலும் சில மாதத்தில் களிமண்ணாகத்தான் மாறும். கல்போல் நின்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், எடை மட்டும் கூடும்.

பச்சை உமியும் மரத்தூளும் வேண்டாம். அவை மட்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். கருக்கிய உமி கிடைத்தால் 10 லிட்டருக்கு 1 லிட்டர் வரை போகலாம், அதற்கு மேல் கலவை நைசாகிவிடும்.

கேள்வி: ஒன்றரை ஆண்டில் கலவை 8 செண்டிமீட்டர் இறங்கிவிட்டது. மேலே புதுக் கலவை போட்டால் போதுமா? பழையதை மறுபடி பயன்படுத்தலாமா? (வாசகி, புக்கிட் பாத்தோக்)

மேலே போடுவது கண்ணுக்குத்தான் நிறைவு. இறங்கியிருக்கிறது என்றால் பட்டையும் உரமும் மட்கி, அடியில் நைசான சேறாகப் படிந்துவிட்டன என்று பொருள். நம் வெப்பத்தில் அது சீக்கிரமே நடக்கும். முழுவதும் மாற்றுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையைத் தவிர்த்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் செய்வது உசிதம். வேர்க்கட்டியின் சுற்றோரம் 3 செண்டிமீட்டரும், அடியில் கால்பங்கும் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். அதே அளவுக்குக் கிளையையும் குறையுங்கள். அத்தி புதுக் கிளையிலும் காய்க்கும், வெட்டுவதற்குத் தயங்க வேண்டாம்.

அறுக்கும்போது வேரைக் கவனியுங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழுவின் (வேருக்குள் புகும் கண்ணுக்குத் தெரியாத சிறு புழு) வேலை, அத்திக்கு அது பெரிய எதிரி. அந்தக் கலவையை எதற்கும் பயன்படுத்தாமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். வெயிலில் காயவைத்துக் கொல்லலாம் என்பார்கள். அதற்கு மண் முழுவதும் அடிவரை நன்றாகச் சூடேற வேண்டும், மேகம் மறைக்கும் நம் வானத்தை நம்பி அதில் இறங்க முடியாது. முடிச்சு இல்லாவிட்டால் பழைய கலவையைக் கீரைத் தொட்டிக்குக் கொடுங்கள், அத்திக்குத் திரும்ப வேண்டாம்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? (வாசகர், செங்காங்)

வெயில்தான் முதலில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத தாழ்வாரத்தில் எந்தக் கலவையும் அத்தியைக் காய்க்கவைக்காது. நடக்கும் வழி 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

அடுத்து கொசு. இறுகிய மண்ணைக் கிளறிவிடுவதும் தொட்டித் தட்டைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுவதும் தேசிய சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் கொசுத் தடுப்பு வேலைகளில் உள்ளவை. இந்தக் கலவையில் முதல் வேலை ஏறக்குறைய இருக்காது. மேற்பரப்பில் நீர் தேங்க ஆரம்பித்தாலே கலவை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று சிறு கட்டைகள்மேல் 2 செண்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் துளைகளும் அடைபடாது.